வால்வு கைப்பிடி அசையவில்லை, மே முதல் சனிக்கிழமை கிரேன் வருகிறது

ஸ்காபரோப் பாய்

எல்லாருக்கும் வணக்கம். போன செப்ரெம்பரில் என் முதல் படகை வாங்கினேன். 1979இல் கட்டிய சி.எஸ். 27 பாய்மரப் படகு. இங்கே பக்கத்தில் பிராம்ரனிலேயே கட்டிய படகு என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். ஆறு கிழமைதான் ஓட்டினேன். ஒக்ரோபர் நடுவில் கிரேன் வந்து தூக்கிக் கரையில் கிரேடிலில் (தாங்கியில்) வைத்துவிட்டது. குளிர்காலம் முழுவதும் நீலத் தார்ப்பாயின் கீழ் கிடந்தது.

போன சனிக்கிழமை தார்ப்பாயைக் கழற்றி, ஏணி வைத்து ஏறி, தரைப்பலகைகளைத் தூக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற வால்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் ஐந்து.

மோட்டருக்குத் தண்ணீர் எடுக்கிற வால்வு, முக்கால் அங்குலம், படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. கைப்பிடி பாதியில் நிற்கிறது, அங்காலும் இல்லை இங்காலும் இல்லை. பின்தட்டில் விழுகிற மழைத்தண்ணீர் வெளியே போக இரண்டு வால்வுகள், ஒன்றரை அங்குலம். இரண்டும் திறந்துதான் இருந்தன. ஒன்று விரலால் தள்ளவே திரும்புகிறது, மற்றது இறுக்கம். சிங்க் வால்வு முக்கால் அங்குலம், நல்ல மஞ்சள் நிறம், கைப்பிடி துருப்பிடித்திருக்கிறது. கடைசி கழிப்பறையிலிருந்து வெளியே போகிற பழைய வழி. அதில் தோட்டக் குழாய்க்குப் பூட்டுவது மாதிரி சிவப்புச் சக்கரம் வைத்த கேட் வால்வு. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எங்கேயும் நிற்கவில்லை.

படகைத் தூக்கிய அன்று சிங்க் வால்வைப் பாதுகாப்புக்காக மூடிவிட்டு, உள்ளே இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸ் (குளிரில் உறையாத திரவம்) ஊற்றினேன்.

பக்கத்துப் படகுக்காரர், "தண்ணீர் ஒழுகவில்லையென்றால் கை வைக்காதே, கை வைத்தால்தான் ஒழுகும்" என்கிறார். படகைத் தண்ணீரில் இறக்கக் கிரேன் வர மூன்று கிழமைதான் இருக்கிறது. அசையாத வால்வை நீளக் குழாய் போட்டு நெம்பித் திருப்பலாமா? இல்லை, இந்த வருடம் இப்படியே இறக்கிவிட்டு அடுத்த குளிருக்குப் பார்க்கலாமா? என் மகளுக்கு ஏழு வயது, அவளையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

பழைய பாய்

தம்பி, வாழ்த்துகள். நான் ஹமில்ரன் பக்கம், இருபத்திரண்டு வருடமாக இதே ஒன்ராறியோ ஏரியில்தான் ஓடுகிறேன்.

நேராகச் சொல்கிறேன். அசையாத வால்வோடு இறக்காதீர்கள். நெம்பவும் வேண்டாம்.

ஏன் இறக்கக் கூடாது என்றால், அந்த வால்வை அவசரமாக மூட வேண்டிய நாளில்தான் அதன் தேவை தெரியும். ரப்பர் குழாய் வெடிக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் கழலலாம். ஒன்றரை அங்குல ஓட்டை நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே இருந்தால் நிமிடத்துக்கு 150 லீற்றருக்கு மேல் உள்ளே வரும். படகின் அடியில் (பில்ஜில்) சேர்கிற தண்ணீரை இறைக்க உங்கள் படகு அளவுக்குப் பூட்டுகிற சின்ன பில்ஜ் பம்ப், பெட்டியில் மணிக்கு 500 கலன் என்று போட்டிருக்கும். அது நிமிடத்துக்கு 30 லீற்றர் சொச்சம். அதுவும் பற்றரி நிறைந்திருந்து, தண்ணீரை மேலே ஏற்றாமல் வைத்துப் பார்த்த கணக்கு. பம்பை நம்பி மகளை ஏற்றாதீர்கள். வால்வை நம்பும்படி செய்துவிட்டு ஏற்றுங்கள்.

நெம்பக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. நீளக் குழாய் போட்டுத் திருப்பினால் முதலில் அசைவது வால்வுக்குள் திரும்பித் திறந்து மூடுகிற பந்தாக இராது. ஒன்று கைப்பிடித் தண்டு முறியும், இல்லையென்றால் வால்வு முழுதாகத் திரும்பி, படகின் அடியைத் துளைத்துப் பூட்டியிருக்கிற குழாயான த்ரூ ஹல்லையும் சேர்த்துத் திருகி, அதற்குக் கீழே போட்டிருக்கிற பசையைக் கிழித்துவிடும். அதற்குப் பிறகு வால்வு நன்றாகத் திரும்பினாலும் ஓரத்தால் கசியும்.

நான் செய்வது இதுதான். மேலே இருக்கிற ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். வராவிட்டால் இழுத்து உயிரை விடாதீர்கள், கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு படகுக்கு வெளியே போய்க் கீழிருந்தும் அடித்துப் பாருங்கள். இந்த ஏரியில் 80களின் கடைசியிலிருந்து வரிச்சிப்பி (சீப்ரா மஸல்) இருக்கிறது தெரியும்தானே. மோட்டர் குழாய்க்குள் குஞ்சாகப் போய் ஒட்டி, அங்கேயே வளரும். பாதித் தடை பந்தால் இல்லை, சிப்பியால்தான். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், ஸ்குரூடிரைவர் வேண்டாம், பந்தின் முகத்தில் கீறல் விழும்.

பிறகு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் துருநீக்கி எண்ணெய் அடித்து ஓரிரவு ஊற விடுங்கள். அடுத்த நாள் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வால்வின் உடம்பில் துணி சுற்றி அதன்மேல் மெல்ல ஊற்றுங்கள். வெண்கலம் சூட்டை நன்றாகக் கடத்தும். ஒரு பெரிய ஸ்பானரால் வால்வின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கைப்பிடியை இங்கே ஒரு நூல், அங்கே ஒரு நூல் என்று ஆட்டுங்கள். திறக்கிற பக்கமே தள்ளிக்கொண்டிருக்காதீர்கள். முன்னும் பின்னுமாகப் போனால்தான் அழுக்கு விடும்.

அசைந்த பிறகு கிரீஸ். வால்வை மூடி, வெளியிலிருந்து குச்சி நுனியால் பந்தின் முகத்தில் வடிவாகப் பூசுங்கள். திறந்து மூடுங்கள். உள்ளிருந்தும் அப்படியே. ஐந்தாறு தரம் செய்தால் பந்தைச் சுற்றிப் படர்ந்துவிடும். தண்ணீரில் கழுவுப்படாத கடல் கிரீஸாக இருக்க வேண்டும், கார் கிரீஸ் வேண்டாம்.

அடுத்து, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சிங்க் வால்வை மூடிவிட்டு அன்ரிஃப்ரீஸ் ஊற்றினேன் என்கிறீர்கள்.

பந்து வால்வின் பந்து நடுவே துளை உள்ளது. மூடும்போது அந்தத் துளைக்குள் நிற்கிற தண்ணீரும், பந்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரும் அங்கேயே அடைபடும். மேலே நீங்கள் ஊற்றிய அன்ரிஃப்ரீஸ் மூடிய பந்துக்கு மேலேதான் நிற்கும், உள்ளே போகாது. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், போக இடமில்லை. ரொறன்ரோக் குளிரில் வால்வின் உடம்பு கீறிவிடும். கரையில் நிற்கிற படகுக்கு வால்வு திறந்துதான் இருக்க வேண்டும். அன்ரிஃப்ரீஸ் ஊற்றுவதென்றால் திறந்தபடி ஊற்றி, வெளியே இளஞ்சிவப்பு வந்து சொட்டிய பிறகு இரண்டு தரம் மூடித் திறந்துவிட்டுத் திறந்தபடியே விட வேண்டும்.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் எல்லாவற்றையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போனவன். வசந்தத்தில் இறக்கினோம். கிரேன் பட்டியைக் கழற்றிக்கொண்டு அடுத்த படகுக்குப் போய்விட்டது. நான் கயிறுகளைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினால், தரைப்பலகை ஓரத்தில் தண்ணீர் மினுங்குகிறது. பலகையைத் தூக்கினேன். வால்வு மூடித்தான் இருக்கிறது, ஆனால் அதன் வயிற்றிலிருந்து விசிறி மாதிரி மெல்லிய தண்ணீர் அடிக்கிறது. தலைமுடி அளவு கீறல். மூடுவதற்கு ஒன்றும் இல்லை, வால்வேதான் ஓட்டை. துணியில் கிரீஸைக் குழைத்து அதைச் சுற்றிக் கட்டி, ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கைப்பம்பை அடித்தேன். கிரேன் திரும்பி வர நாற்பது நிமிடம். மே மாதத்து ஏரித் தண்ணீர், கை முழங்கை வரை மரத்துப் போனது. படகு தப்பியது. மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வருடம் முழுவதும் அவள் படகில் ஏறவில்லை.

உங்கள் சிங்க் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

கோவை ஃபிட்டர்

வணக்கங்க. சொந்த ஊர் கோயம்புத்தூர், சிங்காநல்லூர் பக்கம். பம்ப்பும் வால்வும் வார்க்கிற ஃபவுண்டரியில் ஒன்பது வருஷம் இருந்தேன். இப்போது ஹாலிஃபாக்ஸில் ஒரு படகுத் துறையில் வேலை. பழைய பாய் ஐயா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. உலோகம் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

சிங்க் வால்வு "நல்ல மஞ்சள்", கைப்பிடி துரு என்கிறீர்கள். கைப்பிடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது வீட்டுக் குழாய்க்கு விற்கிற பித்தளை வால்வு, முன்பு வைத்திருந்தவர் ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டது. படகுக்கு உரியது வெண்கலம், நாங்கள் ஃபவுண்டரியில் கன்மெட்டல் என்போம். நூற்றுக்கு 85 செம்பு, மீதியில் வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் மூன்றும் ஐந்தைந்து. சாதாரணப் பித்தளையில் துத்தநாகமே 35, 40 இருக்கும். தண்ணீரில் கிடந்தால் அந்தத் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும், மிச்சம் நிற்பது கடற்பஞ்சு மாதிரி பொத்தலான செம்பு. வெளித்தோற்றம் அப்படியே இருக்கும், அமுக்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். உப்புத் தண்ணீரில் இது வேகம், உங்கள் ஏரியில் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்த வால்வு எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதே.

கண்டுபிடிக்க ஒரு வழி. மரையை ஒட்டிய இடத்தில் சாண்ட்பேப்பரால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் இன்னும் உயிர் இருக்கிறது. இளஞ்சிவப்பாக வந்தால் துத்தநாகம் போய்விட்டது. வீட்டில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு நீண்ட நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் ஒரு சிவப்பு ஓடுமே, அதே நிறம். அப்புறம் தட்டிப் பாருங்கள். ஸ்பானர் நுனியால் மெதுவாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று பேசும். கெட்டது மண்பானை மாதிரி மொத்தென்று சொல்லும். என் பாட்டி பாத்திரக் கடையில் விரலால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். ஃபவுண்டரியில் சேர்ந்த முதல் நாள் எங்கள் மேஸ்திரி கற்றுக்கொடுத்ததும் அதையேதான்.

கீறல் பார்க்க: வால்வைக் கழற்றி ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடையுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ பூசி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு காய்ந்த துணியால் துளி ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளோ முகப்பவுடரோ மெல்லியதாகத் தூவுங்கள். கீறல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் பத்து நிமிடத்தில் பவுடரை நனைத்துக் கோடு போட்டுக் காட்டும். எங்கள் பட்டறையில் பம்ப் உறைகளை இப்படித்தான் பார்ப்போம். சாயம் அடித்துப் பார்க்கிற புட்டிகள் கடையில் இருக்கின்றன, அவை இன்னும் நுணுக்கமாகக் காட்டும், வீட்டில் செய்ய இது கைகொடுக்கும்.

இன்னொன்று மரை. த்ரூ ஹல்லில் இருப்பது நேர் மரை. கடையில் கிடைக்கிற பந்து வால்வில் இருப்பது கூம்பு மரை. இரண்டும் ஒரே இடைவெளி என்பதால் முதல் இரண்டு, மூன்று சுற்று அழகாக ஏறும். அப்புறம் இறுகிவிடும். இறுகிவிட்டது, பிடித்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் முழு வால்வும் அந்த மூன்று சுற்றில் தொங்குகிறது. படகுக்கென்றே செய்த, அடிப்பட்டை வைத்த வால்வை சீகாக் என்பார்கள், அதில் கீழே நேர் மரை இருக்கும், பட்டை படகின் அடிப்பலகையில் உட்கார்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் எச்-27 தரவிதிப்படி, பூட்டிய சீகாக்கின் உள்முனையில் 500 பவுண்டு பாரம் 30 விநாடி கொடுத்தாலும் அது தாங்க வேண்டும். கனமான பெட்டி சரிந்து மேலே விழுந்தாலோ, அவசரத்தில் யாராவது அதில் கால் வைத்து ஏறினாலோ நடப்பது அதுதானே. நீங்கள் ஐந்தையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கேட் வால்வைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது என்றால் உள்ளே தண்டு அறுந்துவிட்டது. கதவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒன்ராறியோவில் கழிவை ஏரியில் விடவே கூடாது, தொட்டியில்தான் சேர்க்க வேண்டும். அப்படியென்றால் அந்த வழியே உங்களுக்குத் தேவையில்லை. முழுதாக எடுத்துவிட்டு, துளையைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துக் கண்ணாடியிழை போட்டு அடைத்துவிடுவது நல்லது. சரிவு, படகின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம் இருக்கணும். ஆனால் எபாக்சி ஏப்ரல் குளிரில் சரியாக இறுகாது. இந்த வருஷம் ஒரு நல்ல சீகாக் போட்டு, மூடி, மேல்வாயில் மரைத்தக்கை போட்டு இறுக்கிவிடுங்கள். அடைப்பதை இலையுதிர்காலத்தில் படகு வெளியே வந்ததும், குளிர் இறங்கும் முன் செய்யலாம்.

பசை பூசுகிறபோது சிலிக்கான் வேண்டவே வேண்டாம், நீர்மட்டத்துக்குக் கீழே அது பிடிக்காது. கடல் பாலியூரித்தேன் போடுங்கள். நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிற ரகம் வேண்டாம், பின்னால் கழற்றும்போது படகின் தோலையே பெயர்த்துக்கொண்டு வரும். குழாயில் எழுதியிருக்கிற இறுகும் நாட்களைக் குளிருக்கு இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் மூன்று வாரத்தில் முதல் வாரமே இதைத் தொடங்கணும்.

எசெக்ஸ் சேறு

தம்பி, நான் இங்கிலாந்தில், பிளாக்வாட்டர் ஆற்று முகத்தில் ஒரு பழைய வெஸ்ற்றர்லி படகு வைத்திருக்கிறேன். கரையொதுங்கினால் முழுக்கச் சேறுதான்.

இதை வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். என் படகில் இருப்பது பந்து வால்வு இல்லை, கூம்பு அடைப்பான் வைத்த பழைய பிளேக்ஸ் சீகாக். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பழைய பித்தளைப் பீப்பாய்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள், அதே அமைப்பு. ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு போல்ற்றைக் கழற்றிக் கூம்பை வெளியே எடுத்துத் துடைப்பேன். கூம்பின் முகத்தில் மங்கலான ஒரு வட்டம் முழுதாகத் தெரிந்தால் நன்றாக உட்கார்கிறது. இடையிடையே மின்னினால் அரைக்கும் பசை தொட்டு, கையாலேயே அரை வட்டம் அங்கும் இங்குமாகத் தேய்ப்பேன். கூம்பையும் கூட்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது, ஒவ்வொன்றும் அதனதன் கூட்டுக்கே தேய்ந்தது. பிறகு கிரீஸ், அளவாக இறுக்கம். நாற்பது வருடத்துக்கு மேல் பழசு, இன்னும் நன்றாக இருக்கிறது.

கிளாம்ப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. சில கிளாம்பில் பட்டி துருப்பிடிக்காத எஃகாக இருக்கும், உள்ளே இருக்கிற திருகாணி மட்டும் சாதா இரும்பாக இருக்கும். காந்தம் அதற்கும் வையுங்கள். ஒரு முனைக்கு இரண்டு கிளாம்ப் என்பது நல்ல வழக்கம்தான், ஆனால் முனை நீளமாக இருந்தால் மட்டும். குட்டை முனையில் இரண்டு போட்டால் வெளியே நிற்கிறது குழாயின் ஓரத்தைக் கடித்து அறுக்கும்.

ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அந்தத் துளைக்குப் பொருந்துகிற மென்மரத் தக்கை ஒன்றைக் கயிறு கட்டித் தொங்க விடுங்கள். எங்கேயோ ஒரு பெட்டிக்குள் ஐந்தையும் சேர்த்து வைக்காதீர்கள்.

ஸ்காபரோப் பாய்

எல்லாருக்கும் மனதார நன்றி. இரண்டு சனி, ஞாயிறு முழுக்க இதிலேயே நின்றேன். நடந்ததை எழுதுகிறேன்.

மோட்டர் வால்வு: பழைய பாய் அண்ணை சொன்ன மாதிரியே. குழாயைக் கீறி எடுத்து வெளிச்சம் அடித்தால் பந்துக்கு மேலேயும் கீழேயும் சிப்பி, விரல்நகம் அளவில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி. சாப்பிடுகிற ஐஸ்பார் குச்சியைச் சரிவாக வெட்டிச் சுரண்டினேன். எண்ணி வைத்தேன், முப்பத்தொன்று. பாதித் தண்ணீரில்தான் மோட்டர் போன வருடம் ஓடியிருக்கிறது, ஏன் சூடு ஏறியது என்று இப்போதுதான் விளங்கியது. எண்ணெயில் ஓரிரவு, மூன்று கேத்தல் கொதிநீர். இரண்டாவது கேத்தலில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் கையில் ஒரு சின்ன "கிர்" தெரிந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நிமிடத்தில் முழுக் கால்வட்டமும் வந்துவிட்டது. மரை பார்த்தேன், அடிப்பட்டை வைத்த உண்மையான வெண்கலம். அது அப்படியே இருக்கட்டும் என்று கிரீஸ் போட்டு விட்டேன். இறுக்கமாக இருந்த பின்தட்டு வால்வுக்கும் கிரீஸ் போதுமாக இருந்தது.

சிங்க் வால்வு: கைப்பிடியில் காந்தம் "டக்" என்று ஒட்டியது. கழற்றும்போது மூன்றரைச் சுற்றில் கையோடு வந்துவிட்டது. ஃபிட்டர் அண்ணா சொன்ன கூம்பு மரை. தேய்த்துப் பார்த்தேன், மரையோரத்தில் சிவப்புத்தான்.

அதைக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் பேப்பர் விரித்து வைத்து, டீசல் பூசி, அரை மணி விட்டுத் துடைத்து, மகளின் குழந்தைப் பவுடரைத் தூவினேன். மகளும் பக்கத்தில் கதிரை போட்டு நின்று பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை, வெள்ளையாகவே இருந்தது. சரி, இது தப்பிவிட்டது என்று தேத்தண்ணி போட எழும்பினேன். "அப்பா, கோடு" என்றாள். வால்வின் வயிற்றில், எழுத்துப் பொறித்த இடத்துக்குக் கீழே தொடங்கி, மேல் விளிம்பு வரை ஒரு மெல்லிய சாம்பல் கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே இன்னும் அரை அங்குலம் நீண்டது. உலோகத்தில் விரலை வைத்துத் தடவினால் எதுவும் தெரியவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பவுடரில் மட்டும்தான் தெரிந்தது.

நான் இதை மூடிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

சிங்க்குக்கும் பழைய கழிப்பறை வழிக்கும் புதிதாக இரண்டு வெண்கல சீகாக், புதிய த்ரூ ஹல்லோடு வாங்கிவிட்டேன். கேட் வால்வைக் கழற்றியபோது உள்ளே கதவு தனியாக, தண்டு தனியாக வந்தது. கதவு முக்கால்வாசி திறந்தபடி இருந்தது, ஆறு கிழமையும் அப்படியேதான் ஓடியிருக்கிறேன். பழைய த்ரூ ஹல் இரண்டையும் வெளியிலிருந்து தலையை அரைத்து எடுத்தேன். உள்ளே வால்வுக்கு அடியில் தாங்கலாக வைத்திருந்த ஒட்டுப்பலகை ஈரத்தில் கருத்துப் போயிருந்தது, அதற்குப் பதிலாகக் கனமான கண்ணாடியிழைப் பலகையில் வட்டம் வெட்டிப் போட்டேன். ஞாயிறு இரவு பசை பூசி இறுக்கியாயிற்று, கிரேனுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. போதுமா?

பழைய பாய்

பன்னிரண்டு நாள் போதும். இரவில் படகுக்குள் ஒரு சின்ன சூட்டுக் குமிழ் எரிய விடுங்கள், பசைக்கு உதவும். நெருப்புப் பயம் இல்லாத இடத்தில், கம்பி நன்றாக இருந்தால் மட்டும்.

மகளுக்கு என் பாராட்டு. என் அப்பு வல்வெட்டித்துறையில் வத்தைகளுக்கு, அதாவது மரப்படகுகளுக்கு, பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைக்கிற கலப்பற்று வேலை செய்தவர். பஞ்சை அடித்து முடித்ததும் என் அப்பாவை, சின்னப் பையனை, உள்ளே இறக்கிவிட்டு வெளியிலிருந்து விளக்குப் பிடிப்பாராம். எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று உள்ளே இருந்து சொல்ல வேண்டும். சின்னக் கண் நல்ல கண் என்பார்.

இறக்குகிற அன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிரேன் ஓட்டுநரிடம் காலையிலேயே கதைத்து வையுங்கள்: தண்ணீரில் வைத்ததும் பட்டியைக் கழற்றாமல் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று. நல்ல ஓட்டுநர் ஒருவரும் மறுக்க மாட்டார். படகு தண்ணீரைத் தொடும் முன் ஐந்து வால்வும் மூடி இருக்க வேண்டும். உள்ளே போய் ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த ரிஷ்யூத் தாளை வைத்து ஒற்றிப் பாருங்கள். கையால் தொட்டால் குளிருக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ரிஷ்யூ பொய் சொல்லாது. எல்லாம் காய்ந்திருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, மேல் கிளாம்பையும் அப்படியே ஒற்றிப் பாருங்கள். மோட்டரை ஓட விடும் முன் அதன் வால்வு திறந்திருக்கிறதா என்று திரும்பவும் பாருங்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகு அதை மூடி மறந்து, மோட்டர் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும். மோட்டர் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே கொழுவி வைத்தால் மறக்க முடியாது.

ஸ்காபரோப் பாய்

இறக்கியாயிற்று. சனிக்கிழமை காலை எட்டரை, நல்ல வெயில், கை விறைக்கிற குளிர். ஓட்டுநர் ஒரு வயதான மனிதர். பத்து நிமிடம் என்று கேட்டதும், "பதினைந்து எடுத்துக்கொள், அவசரம் இல்லை" என்றார்.

பட்டியில் தொங்கியபடியே தண்ணீரில் வைத்தார்கள். நான் கீழே முழங்காலில் நின்று ரிஷ்யூவை ஒற்றினேன். புதிய சீகாக் இரண்டும் காய்ந்திருந்தன. மோட்டர் வால்வு காய்ந்திருந்தது. பின்தட்டு வால்வு இரண்டும் அப்படியே. திறந்த பிறகு இடது பக்கப் பின்தட்டுக் குழாயின் கீழ்க் கிளாம்பில் மட்டும் ரிஷ்யூவில் நகக்கண் அளவு ஈரம். திருகாணியை அரைச் சுற்று இறுக்கி, துடைத்து, மூன்று நிமிடம் விட்டு வேறு ரிஷ்யூ வைத்தேன். காய்ந்தது. மேலே வந்து கையைக் காட்டினேன், பட்டியைக் கழற்றினார்கள்.

அன்றிரவு படகிலேயே படுத்தேன். பதினொரு மணிக்கும், இரண்டு மணிக்கும், விடிய ஐந்துக்கும் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பில்ஜில் நான் பலகை வெட்டியபோது விழுந்த தூள்தான் இருந்தது, அதுவும் காய்ந்தபடி.

எசெக்ஸ் அக்கா சொன்ன தக்கைகளை மகள் ஐந்து நிறக் கயிற்றில் கட்டிவிட்டாள். கீறல் விழுந்த வால்வைத் தூக்கி எறிய விடவில்லை, அவளுடைய மேசையில் வைத்திருக்கிறாள்.

பழைய பாய்

சந்தோஷம் தம்பி. புதிய ரப்பர்க் குழாய் ஒரு கிழமையில் கொஞ்சம் அமுங்கும், அடுத்த சனிக்கிழமை எல்லாக் கிளாம்பையும் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். மாதம் ஒரு தரம் ஐந்து வால்வையும் மூடித் திறவுங்கள், ஓகஸ்ற்றில் சிப்பி வேகமாகப் பிடிக்கும். ஹமில்ரன் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கரையில் வந்து கயிறு பிடிக்கிறேன்.